போக்கர் மேஜையும் போர்வெல் வண்டியும்

லாஸ் வேகாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் ‘புல்வெளிகள்’ என்று அர்த்தம். பாலைவனத்துக்கு நடுவே ஊற்று நீர் பொங்கி, அதைச் சுற்றிப் புல் முளைத்துக் கிடந்ததால் வந்த பெயர். 1905-ல் ரயில்பாதைக்காரர்கள் மனை பிரித்து ஏலம் விட்டு உருவாக்கிய ஊர் இது. ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். நம் பக்கம் ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை பிடித்தால் அதைத் தாண்டிவிடும். ஊற்று இருக்கிறதே என்று ஆழ்துளைக் கிணறுகளைப் போட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்தார்கள். 1962-ல் ஊற்று நின்றே போனது. நிலத்தடி நீர் இறங்கியதில் சில இடங்களில் தரையே ஐந்தடி அளவுக்கு அமிழ்ந்திருக்கிறது. சூதாட்ட நகரம் என்று உலகமே சொல்லும் ஊரில் முதல் சூதாட்டம் நடந்தது போர்வெல்லில்தான் என்று எனக்குத் தோன்றியது.

என் தங்கை மகன் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரில் வேலை பார்க்கிறார். விடுப்பில் அங்கே போயிருந்தபோது, “மாமா, மூணு நாள் வேகாஸ் போறேன், வாங்களேன். போக்கர் ஆடோணும்னு ரொம்ப நாள் ஆசைங்க” என்று கூப்பிட்டார். “நான் ஆட மாட்டேன் மாப்பிள்ளை, வேடிக்கை பார்க்க வர்றேன்” என்று சொல்லிக் கிளம்பினேன். காரில் ஐந்து மணி நேரப் பயணம்.

வழியில் ஹூவர் அணை. 726 அடி உயரம். 1931-ல் வேலை தொடங்கியது. அதே 1931-ல்தான் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. அணைக்குப் பின்னால் இருக்கும் மீட் ஏரி நிரம்பினால் ஏறக்குறைய பன்னிரண்டு மேட்டூர் அணைத் தண்ணீர் நிற்கும். நான் பார்த்தபோது நிரம்பியிருக்கவில்லை. பாறையில் பழைய நீர்மட்டம் வரை வெள்ளைப் பட்டை படிந்திருந்தது. நம் கிணற்றுச் சுவரில் தண்ணீர் இறங்கிய தடம் தெரியுமே, அதையே மலை அளவுக்கு நினைத்துப் பாருங்கள்.

கொலராடோ ஆற்றில் நெவாடாவின் பங்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் ஏக்கர்-அடி. நம் கணக்கில் சுமார் 13 டி.எம்.சி. அதை வைத்துத்தான் அந்த ஊரே பிழைக்கிறது. வீட்டுக்குள், ஓட்டலுக்குள் குழாயில் விழும் நீர் கிட்டத்தட்ட முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு ஏரிக்கே திரும்புகிறது. வீட்டுக்காரர் புல்தரையைப் பெயர்த்துவிட்டு வறட்சி தாங்கும் செடி வைத்தால் நீர் வாரியம் பணம் தருகிறது. அலங்காரத்துக்கு மட்டும் இருக்கும் பொது இடத்துப் புல்லுக்கு ஆற்று நீர் விடக் கூடாது என்று 2021-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். விளையாடுவதற்கு ஊரையே திறந்துவிட்டவர்கள் தண்ணீரில் மட்டும் விளையாடுவதில்லை.

சூதாட்ட விடுதிக்குள் போனால் ஜன்னல் கிடையாது, சுவரில் கடிகாரம் கிடையாது. மணி நள்ளிரவா, விடிகாலையா என்று தெரியாது. ஆடுபவர்களுக்குச் சாராயம் இலவசம். நடக்கிற வழியெல்லாம் காசு போடும் இயந்திரங்கள். நான் முதலில் நின்றது சுழல்சக்கரத்தின் பக்கத்தில். ரூலெட் என்கிறார்கள். சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூடவே 0, 00 என்று மொத்தம் 38 குழிகள். ஓர் எண்ணில் ஒரு டாலர் வைத்து அதில் பந்து விழுந்தால், வைத்த டாலரோடு சேர்த்து 36 டாலர் கைக்கு வரும். 38 எண்ணிலும் ஒவ்வொரு டாலர் வைத்துப் பாருங்கள். 38 கொடுத்து 36 வாங்குவீர்கள். அந்த இரண்டு டாலரில்தான் வெளியே இருக்கிற அரண்மனைகளைக் கட்டியிருக்கிறார்கள். ஏமாற்று வேலை எதுவும் இல்லை. கணக்கை மேஜை மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆடுபவர்கள் படிப்பதில்லை.

போக்கர் அறை ஒரு மூலையில் இருந்தது. அதில் விடுதிக்கு வருமானம் குறைவு, அதனால்தான் மூலை. இங்கே ஆடுபவர் விடுதியோடு மோதுவதில்லை, எதிரே உட்கார்ந்திருப்பவரோடு மோதுகிறார். ஒரு மேஜைக்கு ஒன்பது பேர். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைத்துத் தருவார்கள், பிறகு நடுவில் ஐந்து சீட்டு திறந்து வைப்பார்கள். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவருக்குப் பணம். இரண்டு ஏஸ் சேர்ந்து கைக்கு வருவது 221 முறைக்கு ஒரு முறைதான். மற்ற நேரமெல்லாம் சுமாரான சீட்டுதான்.

மாப்பிள்ளை உட்கார்ந்தது சின்ன மேஜை. சுற்று ஒன்றுக்கு அவர் பங்காக 1 டாலரும் 3 டாலரும் கட்டாயம் வைக்க வேண்டும். மணிக்கு முப்பது ஆட்டம் போட்டால், ஒன்றும் ஆடாமல் சும்மா உட்கார்ந்திருக்கவே மணிக்கு 13 டாலர் செலவு. குத்தகை நிலம் மாதிரி, விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் பணம் போகும். அது போக, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்த பணத்தில் விடுதி கமிஷன் எடுத்துக்கொள்கிறது. ஆட்டத்துக்கு நான்கு டாலர் என்று வைத்தாலும் மணிக்கு 120 டாலர். ஒன்பது பேரும் ஆளுக்கு 200 டாலரோடு உட்கார்ந்து, வேறு பணம் கொண்டுவராமல் ஆடிக்கொண்டே இருந்தால், பதினைந்து மணி நேரத்தில் மேஜையில் ஒருவரிடமும் பணம் இருக்காது. எங்கே போயிற்று என்று கேட்டால், யார் ஜெயித்தாலும் எடுத்துக்கொண்ட கமிஷனில் போயிற்று. இந்தக் கணக்கு கமிஷன் மண்டிக்குக் காய் கொண்டுபோகிற நம் ஆட்களுக்குப் புதிதல்ல.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். நன்றாக ஆடுபவர்கள் பெரும்பாலான நேரம் ஆடுவதே இல்லை. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து வந்த வயதான மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊரில் மக்காச்சோளமும் சோயாவும் போடுகிறவராம். நான் வேளாண் துறை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. பத்துச் சீட்டு வந்தால் எட்டைக் கீழே போட்டுவிடுவார். ரம்மியில் ‘ஸ்கூட்’ விடுவோமே, அதுதான். மீதி நேரமெல்லாம் மற்றவர்கள் எப்படி வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியாக வைக்கும் முறை தனக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் துணிந்து இறங்குவார். ஏனென்றால் அப்போது மற்ற எட்டுப் பேர் என்ன செய்தார்கள் என்று தெரிந்துவிடும். சின்ன வெங்காயம் நடுவதற்கு முன் சுற்று வட்டாரத்தில் எத்தனை ஏக்கர் நட்டிருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு இறங்குகிற ஆள் நம் ஊரிலும் உண்டு. குறைவு.

மாப்பிள்ளை கிளம்பும்போதே மூன்று உறை கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் 300 டாலர், ஒரு நாளைக்கு ஓர் உறை. வங்கி அட்டையை அறையிலேயே பூட்டிவிட்டார். மூன்றாம் நாள் அவர் கைக்கு இரண்டு ராஜா வந்தது. நல்ல சீட்டு. 120 டாலர் வரை உள்ளே வைத்துவிட்டார். நடுவில் ஓர் ஏஸ் விழுந்தது. அதுவரை அடக்கமாக இருந்த எதிராளி 150 டாலரை முன்னால் தள்ளினார். மாப்பிள்ளை ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு இரண்டு ராஜாவையும் கவிழ்த்துப் போட்டுவிட்டார்.

“போட்ட 120 போச்சே மாப்பிள்ளை?” என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

“அது வெச்சப்பவே போயிருச்சுங்க மாமா. இனி வைக்கிற 150 திரும்பி வருமான்னு மட்டுந்தான் பார்க்கோணும்” என்றார்.

மூன்று நாளில் மொத்தம் 85 டாலர் நட்டம். நம் பணத்தில் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்துக்கு அவருடைய மாமன் கற்றுக்கொண்டது அதிகம். இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளைகளைச் சீட்டாட அனுப்ப வேண்டாம். எதிரே மனிதர்கள் உட்கார்ந்து, நிதானமாக ஆடுகிற மேஜையிலேயே நிலைமை இது. கைப்பேசியில் ராத்திரி முழுக்க ரம்மி ஆடி, நகைக்கடன் வரை போன குடும்பங்களை நம் கிராமங்களில் பார்த்திருக்கிறோம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ல் ஒன்றிய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது அதனால்தான்.

ஆனால் சீட்டைத் தொடாத விவசாயியும் ‘போட்ட பணத்தை எடுக்கணும்’ என்ற ஒரே வார்த்தையால் கவிழ்வதை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். நம் இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: ‘700 அடி ஓட்டியாச்சு, புகைதான் வருது. இன்னும் எத்தனை அடி போகலாம்?’ கேள்வி வரும்போது பெரும்பாலும் ரிக் வண்டி தோட்டத்தில் நிற்கும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலம் கடினப் பாறை. தண்ணீர் இருப்பது பாறையின் வெடிப்புகளில். கீழே போகப் போக அந்த வெடிப்புகள் பொதுவாகக் குறையும். அடிக்கான கூலியோ ஆழம் கூடக் கூட ஏறும். சீட்டு மோசமாகிக்கொண்டே போகும்போது பந்தயம் ஏறிக்கொண்டே போகிற ஆட்டம் இது. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் வண்டிக்காரருக்கு அடிக்கணக்கில் கூலி உண்டு. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் தொழில் அது. ஆனால் ‘இன்னும் அம்பது அடி’ என்கிற யோசனையை அவரிடம் கேட்கக் கூடாது. வண்டி வருவதற்கு முன்பே வேளாண் பொறியியல் துறையில் சொல்லி மின்தடை ஆய்வு செய்துகொள்ளலாம். அதுவும் உத்தரவாதம் அல்ல. தேங்காயைக் கையில் வைத்துப் பார்ப்பதைவிட மேல், அவ்வளவுதான்.

பல்லடம் பக்கம் ஒரு குடும்பம். நாலரை ஏக்கர், ஏற்கெனவே இரண்டு போர் வறண்டுவிட்டது. மூன்றாவது போடும் முன் என்னிடம் வந்தார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று ஒரு வாரம் விசாரித்து எழுதச் சொன்னேன். எழுதினார்கள். பெரும்பாலும் 600 அடிக்குள்தான். ‘650 அடி, அதற்கு மேல் இல்லை’ என்று அந்த அம்மா ஒரு சீட்டில் எழுதி, கணவரிடம் கையெழுத்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். ராத்திரி இரண்டு மணிக்கு 650 வந்தது. ஈரம்கூட இல்லை. வண்டிக்காரர் இன்னும் நூறு அடி பார்க்கலாம் என்றார். கணவரும் சரி என்று தலையாட்டப் போனார். அம்மா முந்தானையை அவிழ்த்தார்.

மிச்சமான பணத்தில் வெள்ளாடு ஆறு உருப்படி வாங்கினார்கள். மூன்று ஏக்கரில் மானாவாரிச் சோளமும் கொள்ளும். மழைநீர் நிற்கப் பண்ணைக்குட்டை வெட்ட விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் நான் போனபோது சோளத்தட்டு அறுத்துப் போராகக் குவித்திருந்தார்கள்.