படத்தில் கறுத்துப்போன முகங்கள்



உங்கள் வீட்டிலும் ஒரு பழைய ஆல்பம் இருக்கும். அலமாரியில் சேலைகளுக்கு அடியிலோ, சாமி மேடைக்குப் பக்கத்திலோ கிடக்கும். அதிலுள்ள கலியாணப் படங்களைச் சற்று எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் வேட்டி பளிச்சென்று இருக்கும். மாலையில் எத்தனை பூ என்று எண்ணிவிடலாம். ஆனால் முகம்? கண்ணும் பல்லும் தெரியும். மற்றதெல்லாம் ஒரே இருட்டு. "நம்ம நிறம் அப்படி, படக்காரன் என்ன செய்வான்?" என்று சொல்லி ஆல்பத்தை மூடிவிடுவோம்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொழுதுபோக்காகப் படம் பிடித்து வருபவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அந்தப் பேச்சு சரியல்ல. நிறத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. வெளிச்சத்தை அளந்த விதத்தில்தான் குற்றம்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஒன்று இருக்கிறது. அது பெரட்டுக் களத்தில் தலையை மட்டும் எண்ணிவிட்டுப் போகும் கிராணி மாதிரி. எதிரே நிற்பது மணமகளா, மதில் சுவரா என்று அதற்குத் தெரியாது. பார்ப்பதையெல்லாம் கூட்டிக் கழித்து, நடுத்தரமான சாம்பல் நிறம் என்று முடிவு கட்டிவிடும். வெள்ளை வேட்டியும் வெளுத்த வானமும் படத்தில் நிறைய இருந்தால், "வெளிச்சம் அதிகம்" என்று எண்ணிக் கண்ணைச் சுருக்கிக் கொள்ளும். வேட்டி பிழைக்கும், முகம் கறுத்துவிடும். அந்நாளில் பட்டணத்துக் கடைகளில் படம் போட்டுத் தந்த இயந்திரமும் இதே கணக்கைத்தான் செய்தது. ஆக, ஒரே முகம் இரண்டு தடவை கறுத்தது!

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் புத்தகமும் அல்ல. 1980-களின் தொடக்கத்தில் எங்கள் வட்டாரத்துத் தோட்டங்களில் கேமரா வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஒருவர், லோரி ஓட்டுநர் ஒருவர், பால்வெட்டும் இளைஞர் ஒருவர், நான். சம்பளம் போட்ட மறு ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக் காப்பிக்கடையில் கூடுவோம். அவரவர் படங்களை மேசையில் பரப்பி வைப்போம். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்: படத்தைக் காட்டுகிறவர் அதை எப்படிப் பிடித்தார் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு சுருள் பிலிம் வாங்குவதே பெரும்பாடு. தீபாவளிக்குப் போட்ட சுருள் தைப்பூசத்துக்குத்தான் முடியும். அதனால் ஒருவர் கற்றது நால்வருக்கும் பயன்பட வேண்டியிருந்தது.

"மரம் வெட்டுறவனுக்கு கேமரா கேக்குதா?" என்று சிரித்தவர்களும் உண்டு. நம் நாட்டின் நான்காவது மாமன்னராக 1965 முதல் 1970 வரை இருந்த சுல்தான் இஸ்மாயில் நசிருடின் ஷா படம் பிடிப்பதில் பெரும் பிரியர். டிரசர் அதைச் சொல்லி, "ராஜாவுக்கும் நமக்கும் பிலிம் ஒண்ணுதானப்பா" என்பார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்த மேசையில் நான் பார்த்த படங்களில் இரண்டு இன்றும் கண்ணிலேயே நிற்கின்றன.

ஒன்று லோரி ஓட்டுநர் பிடித்தது. பால் நிறுக்கும் இடத்தில், தகரக் கூரையின் கீழ் ஓர் அம்மா வாளியைச் சாய்க்கிறார். உச்சி வேளை. வெயிலில் நின்றிருந்தால் கண்ணுக்குழியெல்லாம் கறுப்பு விழுந்திருக்கும். ஆனால் அவர் முகம் அத்தனை தெளிவாக இருந்தது. நெற்றிச் சுருக்கத்தைக்கூட எண்ணலாம். எப்படி என்று கேட்டோம். "நானா வெளிச்சம் போட்டேன்? பால்தான் போட்டுச்சி" என்றார். உண்மைதான். தொட்டியிலிருந்த வெள்ளைப் பாலில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அந்த அம்மாவின் முகத்தைக் கீழிருந்து தூக்கிக் காட்டியிருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் படம் பிடிக்கப் போகும் இடமெல்லாம் ஒரு வெள்ளை வேட்டியை எடுத்துப் போவோம். நிழலில் ஆளை நிறுத்தி, வெயில் படும் பக்கத்தில் இருவர் அதை விரித்துப் பிடித்தால் போதும்.

மற்றொன்று பால்வெட்டும் தம்பி பிடித்தது. அவரிடம் இருந்தது ஒலிம்பஸ் டிரிப் 35. 1967-இல் வெளிவந்த சின்னக் கேமரா. அதற்குப் பேட்டரியே தேவையில்லை. லென்சைச் சுற்றியுள்ள தேனடை போன்ற கண்ணாடி, விழுகிற வெளிச்சத்தைக் கொண்டே வேலை செய்யும். வெளிச்சம் போதாவிட்டால் உள்ளே ஒரு சிவப்புக் கொடி எழும்பி நின்றுவிடும். பட்டனை அமுக்கினாலும் படம் விழாது. விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், நம் மக்கள் இருட்டிலேயே மரத்தடிக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் கித்தாக்காட்டுக்குள் எத்தனை தடவை அமுக்கினாலும் சிவப்புக் கொடிதான். தம்பி பொறுத்திருந்தார். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டும் அல்லவா? அப்போது காட்டுக்குள் வெளிச்சம் இறங்கும். அந்தச் சமயம் பார்த்து, தம் மனைவி மரத்தடியில் மங்கு துடைப்பதைப் படம் பிடித்தார். இன்னொரு தந்திரமும் செய்திருந்தார். போட்டிருந்தது 100 ஏ.எஸ்.ஏ. பிலிம், கேமரா வளையத்தை 50-இல் வைத்துவிட்டார். மீட்டர் ஏமாந்து இரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டது. முகம் துலங்கியது. பின்னாலிருந்த வானம் வெளுத்துப் போனது. போகட்டுமே, வானமா நமக்குச் சொந்தக்காரர்?

பட்டணத்து ஸ்டூடியோக்கள் வேறு வழி வைத்திருந்தன. பெண் பார்க்க அனுப்பும் படத்துக்குப் போனால் முதலில் பவுடர் டப்பாவைத்தான் நீட்டுவார்கள். படம் எடுத்த பிறகு நெகட்டிவில் பென்சிலால் மெல்லத் தீட்டுவார்கள். தீட்டிய இடம் படத்தில் வெளுத்து வரும். அது கைத்தேர்ச்சி வேண்டும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது வேறு, வெள்ளை அடிப்பது வேறு. படத்தைப் பார்த்துச் சம்மதித்து, நேரில் பார்த்து "பெண் கறுப்பு" என்று திரும்பிப் போனவர்களால் எத்தனை பெண்கள் அடுப்படியில் அழுதார்கள் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

பிற்காலத்தில்தான் வேறொன்றையும் படித்தேன். படம் கழுவும் கடைகள் நிறத்தைச் சரிபார்க்க, கோடாக் நிறுவனம் 1950-களிலிருந்து ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். "ஷெர்லி அட்டை" என்றே அதற்குப் பெயர். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி! கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பழுப்பு நிறங்கள் பிலிமில் சரியாக விழவில்லை என்று சாக்லேட் விற்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும் முறையிட்டதால்தான் அந்த நிறுவனம் அதைக் கவனித்தது என்கிறார் அவர். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. சாக்லேட்டுக்கும் மேசை நாற்காலிக்கும் கிடைத்த மரியாதை நம் அக்கா தங்கச்சிகளுக்குக் கிடைக்க அத்தனை காலம் ஆயிற்று.

எங்கள் அக்காவின் கலியாணம் 1981-இல் தோட்டத்துக் கோயில் பந்தலில் நடந்தது. பட்டணத்திலிருந்து வந்தவர் பிளாஷ் போட்டுப் பிடித்தார். பிளாஷின் வெளிச்சம் தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். முன்னால் நின்ற பெரியவர்களின் வேட்டி எல்லா வெளிச்சத்தையும் வாங்கிக் கொண்டது. பின்னால் மணையில் இருந்த அக்கா இருட்டானார். அந்தப் படத்தை அவர் ஒருநாளும் சுவரில் மாட்டியதில்லை. வருகிறவர்கள் கேட்டால், "பூச்சி அரிச்சிருச்சி" என்று பொய் சொல்வார்.

நெகட்டிவ்களை மட்டும் மாமா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை இடித்து, அவர்கள் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோதும் அந்த டின் கூடவே போயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை வாங்கி வந்து ஸ்கேன் செய்து, முகத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டினேன். மூக்குத்தி வந்தது. கன்னத்து அம்மைத் தழும்பு வந்தது. அழுது துடைத்த கண் மை வந்தது. பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இது அம்மாடா" என்றார். எங்கள் அம்மாவுக்கு இருந்த ஒரே படம் அடையாளக் கார்டில் ஒட்டியிருந்த, தபால்தலை அளவுப் படம். அதுவும் மங்கிப் போனது. இருபத்திரண்டு வயதில் அக்கா அம்மாவை அப்படியே உரித்து வைத்திருந்தார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆகவே, பழைய நெகட்டிவ்களைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். ஓரத்தைப் பிடித்தே எடுங்கள், நடுவில் விரல் வைக்க வேண்டாம். கடையில் கொடுக்கும்போது, "வேட்டி வெளுத்தாலும் பரவாயில்லை, முகத்தைப் பார்த்துப் போடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இன்று கைப்பேசியில் பிடிப்பவர்களுக்கு இதெல்லாம் சுலபம். திரையில் முகத்தின் மேல் விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் ஒரு சூரியப் படம் தோன்றும். அதைச் சற்று மேலே இழுத்தால் முகம் துலங்கும். கறுத்த தோல் சரியாக விழ வேண்டும் என்று 2021-இல் கூகுள் தன் கைப்பேசியில் தனி ஏற்பாடே செய்தது. ஆனால் முகத்தை வெளுப்பாக்கும் "அழகு" பொத்தான் இருக்கிறதே, அது பழைய பவுடர் டப்பாதான். அதை அணைத்து வையுங்கள். மீட்டர் உள்ள பழைய கேமரா வைத்திருக்கும் தம்பிகள், வெயிலில் நிற்பவரைப் பிடிக்கும்போது அதே வெயிலில் உள்ள பச்சைப் புல்லைப் பார்த்து அளவெடுங்கள். ஏறக்குறைய அந்த நடுத்தரச் சாம்பலுக்குப் புல் ஈடாகும்.

ஒட்டுப்பசை தடவிய தாள் ஆல்பங்களில் உள்ள படங்களுக்கு ஆயுசு குறைவு. பசை மஞ்சளாகிப் படத்தைத் தின்றுவிடும். பிடுங்காதீர்கள், பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து மெல்ல அறுத்து எடுங்கள். எடுத்ததும் பின்புறத்தில், பேனாவால் அல்ல, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள்: யார் யார், எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், எந்த ஆண்டு. அந்த லயத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்களோ, அவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள்.