அந்த 11 நிமிடங்கள்

சென்னையில் ஒரு சிறிய அரங்கில், அறுபது பேருக்கு முன்னால் உட்கார்ந்து, 11 நிமிடம் வயலின் வாசிப்பதுபோல் பாவனை செய்தேன். வில் தந்தியின் மேல் போய் வந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் கேட்ட ஒலிக்கும் அந்த வில்லுக்கும் சம்பந்தமே இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தே தொடர்ந்தேன். முடிந்ததும் எழுந்து நின்று, கைகூப்பி, கைதட்டலை வாங்கிக்கொண்டேன். மூன்று வருடமாக மனதுக்குள் வைத்துப் புழுங்கியதை இங்கே சொல்கிறேன்.

என் எதிரே இருந்தது ஒரு மாடுலர் சிந்தசைசர். ஒரு சட்டத்துக்குள் வரிசையாகத் திருகி வைத்த சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்று ஒலியை வடிகட்டும், ஒன்று எதிரொலி தரும், ஒன்று தாளக்கணக்கு வைத்துக்கொள்ளும். எதை எதோடு இணைப்பது என்பதை வயர் போட்டு நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். 1960களில் அமெரிக்காவில் ராபர்ட் மூகும் டான் புக்லாவும் தனித்தனியே உருவாக்கிய கருவி இது. 1969-லேயே ஒரு மூக், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்திருக்கிறது. ஆகவே நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை.

பெரும்பாலோர் இதில் கீபோர்டை இணைத்து வாசிப்பார்கள். என் ஆசை வேறு. பன்னிரண்டு வருடம் கற்ற வயலினை இதற்குள் அனுப்பி, இதையே எஃபெக்ட்ஸ் கருவியாகவும் பக்கவாத்தியமாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் முகம் சுளித்தபோது, "வயலினே வெளியிலிருந்து வந்ததுதானே? பாலுஸ்வாமி தீட்சிதர் எடுத்து வாசிக்கவில்லையா?" என்று கேட்பேன். நல்ல வாதம்தான். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் சில மாதங்கள் யோக்கியமாகத்தான் நடந்தன. வயலின் பிக்கப்பிலிருந்து வரும் ஒலி ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. மாடுலருக்குள் ஓடும் ஒலி 10 வோல்ட் அளவுக்கு ஏறி இறங்கும். அதனால் முதலில் ஒலியைப் பெருக்கியாக வேண்டும். என்னிடம் இருந்த டோப்ஃபர் ஏ-119 என்ற பெட்டி அதோடு இன்னும் இரண்டு வேலை செய்யும். வில்லின் அழுத்தம் கூடக்குறைய, கூடவே ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தத்தைத் தரும். ஒலி ஓர் எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் 'கேட்' என்ற ஒரு துடிப்பை அனுப்பும். அந்த மின்னழுத்தத்தை ஃபில்டருக்குக் கொடுத்தேன். அழுத்தி வாசித்தால் ஒலி திறந்துகொண்டது, தணித்தால் மூடிக்கொண்டது. துடிப்பை, குறித்துவைத்த ஸ்வரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் எட்டுப் படி சீக்வென்சருக்குக் கொடுத்தேன். வில்லை ஒருமுறை எடுத்துப் போட்டால் அது ஒரு படி நகரும். நான் நிறுத்தினால் அதுவும் நிற்கும்.

அதில்தான் சிக்கல். நான் தடுமாறினால் அதுவும் தடுமாறியது. சாதகம் குறைந்த கை எவ்வளவு தடுமாறும் என்பதை அதன் எட்டுச் சிவப்பு விளக்குகள் எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தன. அப்போது நான் செய்திருக்க வேண்டியது, உட்கார்ந்து ஜண்டை வரிசையை மூன்று காலத்தில் வாசிப்பது. நான் செய்தது, ஒரு வயரைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகியது. சீக்வென்சர் என் வில்லை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் கிளாக்கைப் பின்பற்றத் தொடங்கியது. தாளம் கச்சிதமாயிற்று.

அடுத்து சுருதி. மாடுலரில் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். பன்னிரண்டில் ஒரு பங்கு ஒரு ஸ்வரஸ்தானம். குவான்டைசர் என்ற பெட்டி, வரும் மின்னழுத்தத்தை நாம் குறித்துவைத்த ஸ்வரங்களில் மிக அருகில் இருப்பதற்கு இழுத்துவிடும். அதில் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களைக் குறித்தேன். தோடியைத் தொடவில்லை. ஓரிடத்தில் நிற்காமல் ஆடும் அந்தக் காந்தாரத்தை எந்தப் படியில் வைப்பது? கருவிக்கு வராத ராகத்தை நான் வாசிப்பதையே விட்டுவிட்டேன். வயலினை தீட்சிதர் கமகம் பேச வைத்தார். நானோ என் வயலினிலிருந்த கமகத்தை எடுத்துவிட்டு, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கடைசியாக வந்தது க்ளவுட்ஸ். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எமிலி ஜில்லே வடிவமைத்த அருமையான கருவி. வரும் ஒலியில் அதிகபட்சம் 8 விநாடியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதைப் பொடிப்பொடியாக்கித் தூவும். ஃப்ரீஸ் பட்டனை அழுத்தினால் பிடித்த ஒலி உள்ளேயே தங்கிவிடும். சீக்வென்சரை இதோடு இணைத்தால், தங்கிய அந்த வயலின் ஒலியே ஸ்வரம் ஸ்வரமாக வாசிக்கும். சுருதி பிசகாது, தாளம் தப்பாது. தினமும் இரண்டு மணி நேரமாக இருந்த என் சாதகம் அதற்குள் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரமாகச் சுருங்கியிருந்தது.

அன்று மாலை, கச்சேரியின் பிற்பகுதி. ஃப்ரீஸ் பட்டனை அழுத்திவிட்டு, தங்கிய ஒலியின் மேல் வாசித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் பட்டு, வயலினிலிருந்து போன கேபிள் ஜாக்கிலிருந்து நழுவியது. வில்லோடு சேர்ந்து மினுக்கிக்கொண்டிருந்த ஏ-119-இன் சின்ன விளக்கு அணைந்தது. நான் அதைப் பார்த்தேன். கேபிளின் முனை என் கால் பக்கத்திலேயே, எட்டினால் எடுக்கும் தூரத்தில் கிடந்தது. திரும்பச் செருக மூன்று விநாடி போதும். ஒரு கரகரப்பு கேட்டிருக்கும், சிலர் திரும்பிப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

நான் குனியவில்லை. ஸ்பீக்கரில் மோகனம் ஓடிக்கொண்டிருந்தது, நான் வாசித்திருக்கக்கூடியதைவிட அழகாக. கண்களை மூடி, தலையை அசைத்து, வில்லை இழுத்துக்கொண்டே இருந்தேன். அறையை நிறைத்திருந்த ஒலியில், என் தந்தியின் நிஜ ஒலி எனக்கே கேட்கவில்லை. அரங்கில் இருந்தவர்கள் கேட்டதில் என்னுடையது, முன்னமே பிடித்து வைத்த 8 விநாடி.

கீழே இறங்கியதும் என் குரு வந்தார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பஸ் மாறி வந்திருந்தார். என் தோளைத் தொட்டு, "முன்னாடியெல்லாம் கை கொஞ்சம் தடுமாறுச்சுப்பா. கடைசியில வாசிச்சியே, அதுதான் சுத்தமா இருந்துது" என்றார்.

"சரிங்க சார்" என்றேன். அதுதான் நான் சொன்ன பொய்.

கருவியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது நான் போட்ட வயர்களின்படிதான் நடந்தது. பழைய இணைப்பை வைத்திருந்தால், கேபிள் நழுவிய கணமே சீக்வென்சர் நின்றிருக்கும். அமைதி என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். என் கையைக் கேட்கும்படி அமைத்த கருவியை, ஒவ்வொரு வயராக மாற்றி, நான் இல்லாமலே நடக்கும்படி செய்தது நான். இப்போது கேட் துடிப்பைத் திரும்ப சீக்வென்சருக்குக் கொடுத்திருக்கிறேன். தினமும் காலையில் கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு மணி நேரம் வெறும் வயலின்.

இது அச்சாவதற்கு முன் போன வாரம் சாரின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஸ்பீக்கர்ல வந்தத விடு. அந்த நேரம் முழுக்க வில்லு போட்டுக்கிட்டுதானே இருந்தே? நீ என்ன வாசிச்சே?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். விரல்கள் எங்கே போயின என்பதுகூட நினைவில் இல்லை.

"தெரியல சார்" என்றேன்.