எவ்வளவு என்று கேளுங்கள்

கஞ்சா என்ற சொல் காதில் விழுந்தால் நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது. நிற்கக் கூடாது என்பேன். வேதியியல் சொல்லிக்கொடுத்தே முடி நரைத்தவன் நான். பேரன் வயதுப் பிள்ளைகள் வந்து, "அது மூலிகைதானே தாத்தா, அந்தக் காலத்துச் சாமியார்கள் பிடிக்கவில்லையா?" என்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள், "விஷம்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்கிறார்கள். இரு தரப்பிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது?

அந்த விடை எளிதில் கிடைத்துவிடவில்லை. அபினியிலிருந்து மார்ஃபினை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார்கள். கோகோ இலையிலிருந்து கோகெயினை அதே நூற்றாண்டின் நடுவில் எடுத்தார்கள். அவை ஆல்கலாய்டுகள், உப்பாக்கிப் படிகமாக எடுக்கலாம். கஞ்சாப் பூவில் இருப்பதோ எண்ணெய்ப் பிசின். அதற்குள் ஒன்றின் சாயலில் இன்னொன்றாகப் பல சேர்மங்கள். இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம் என்ற வேதியியலாளர், போலீஸ் பறிமுதல் செய்து வைத்திருந்த 5 கிலோ ஹஷீஷை, அதாவது கஞ்சாப் பிசினை, கேட்டு வாங்கி, பேருந்தில் ரெஹோவோட் நகரத்து வைஸ்மன் ஆய்வு நிறுவனத்துக்கு எடுத்துவந்தார். 1964இல் அவரும் சக ஆய்வாளர் யெஹியேல் காவோனியும் போதை தரும் பொருளைத் தூய நிலையில் பிரித்து, அதன் கட்டமைப்பை வெளியிட்டார்கள். அதுதான் டி.எச்.சி.

பிறகு நடந்ததை என் மாணவர்களுக்கு நான் சொல்லாத ஆண்டு கிடையாது. மெக்கூலத்தின் மனைவி டாலியா கேக் செய்தார். சில துண்டுகளில் தலா 10 மில்லிகிராம் தூய டி.எச்.சி. கலந்திருந்தது. கஞ்சாவையே தொட்டிராத நண்பர்கள் அவற்றை உண்டார்கள். ஒருவர் பேச்சை நிறுத்தவேயில்லை. ஒருவர் சிரித்துக்கொண்டே இருந்தார். இன்னொருவரைப் பதற்றம் பிடித்துக்கொண்டது. அளவு எல்லோருக்கும் ஒன்று. ஆட்கொண்ட விதம் ஆளுக்கு ஒன்று. எண்ணை அறிந்தவர்கள் எண்ணின் எல்லையையும் அன்றே கண்டுவிட்டார்கள்.

சாமியார் கதைக்கும் எண்ணிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவை மிசிசிப்பி பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறது. 1995இல் சராசரியாக 4 விழுக்காடு இருந்த டி.எச்.சி., 2014இல் 12 விழுக்காட்டை எட்டியிருந்தது. பெயர் அதேதான், சரக்கு வேறு. நம் நாட்டுச் சட்டமோ வீரியத்தைப் பார்ப்பதில்லை, எடையைத்தான் பார்க்கிறது. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் அது வணிக அளவு. "இது லேசான ரகம்" என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது, பிள்ளைகளே.

இந்த வீரியத்தை அளப்பது நுணுக்கமான வேலை. செடியின் உச்சிப் பூவும் அடிக்கிளைப் பூவும் ஒன்றல்ல. எதைப் பறித்து அரைத்தீர்கள் என்பதிலேயே விடை மாறும். பூ காயக் காய எடை குறைந்து விழுக்காடு ஏறும். பச்சைப் பூவில் டி.எச்.சி. மிகக் குறைவு, பெரும்பகுதி அதன் அமில வடிவத்தில் இருக்கிறது. சூடு பட்டால் அந்த அமிலம் கார்பன் டை ஆக்சைடை இழந்து டி.எச்.சி. ஆகிறது. கேஸ் குரோமடோகிராபிக் கருவியின் சூட்டிலேயே இந்த மாற்றம் நடந்துவிடும். சூடாக்காமல் திரவத்தில் பிரிக்கும் எச்.பி.எல்.சி. முறையில் இரண்டையும் தனித்தனியே காணலாம். அமிலத்தின் அளவை 0.877ஆல் பெருக்கி டி.எச்.சி.யோடு கூட்டினால் மொத்தம் வரும். பிரிந்துபோகும் கார்பன் டை ஆக்சைடின் எடைதான் அந்தக் குறைவு. இத்தனை படிகளில் ஒன்றில் கை நடுங்கினாலும் எண் பிசகும். கை நடுங்காமலே பிசகச் செய்பவர்களும் உண்டு. என் கவலை அவர்களைப் பற்றியது.

கஞ்சா விற்பனை சட்டப்படி நடக்கும் அமெரிக்க மாநிலங்களில் வீரியம் கூடினால் விலையும் கூடுகிறது. சோதனைக்குப் பணம் கட்டுவது விற்பவர். எந்த ஆய்வகம் பெரிய எண் தருகிறதோ, அங்கே சரக்கு போகிறது. நேர்மையாக அளந்தவர் வாடிக்கையை இழக்கிறார். நம் ஊர்ப் பால் சொசைட்டியில், பால் ஊற்றுபவரே தனக்குப் பிடித்த லாக்டோமீட்டரைக் கொண்டுவரலாம் என்றால் என்ன ஆகும்? அதுதான் அங்கே நடக்கிறது. கள்ளத்தனமாக விற்பவன் பொய் சொல்வது எனக்கு வியப்பில்லை. பட்டம் பெற்று, வெள்ளை அங்கி அணிந்தவர் பொய் எண்ணில் கையெழுத்திடும்போது என் தொழிலே தலைகுனிகிறது.

லேபிளை நம்பி வாங்குபவர்களில் நோயாளிகளும் உண்டு. 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு சோதனை வெளியானது. கஞ்சாவில் இருக்கும், போதை தராத சேர்மம் சி.பி.டி. இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருள்களில் 26இல்தான் லேபிளில் சொன்ன அளவு சரியாக இருந்தது. 18இல் டி.எச்.சி.யும் கலந்திருந்தது. வலிப்பு வரும் குழந்தைக்குப் போதை இல்லாத மருந்து என்று நம்பி ஒரு தாய் சொட்டுக் கணக்கில் ஊட்டுகிறாள் என்று எண்ணிப்பாருங்கள். அவள் நம்பியது கடைக்காரரை அல்ல, புட்டியின் மேல் அச்சான எண்ணை.

வீரியத்தை மட்டும் அளந்தால் போதாது என்பதை 2019 காட்டியது. அமெரிக்காவில் வேப் எனும் மின்சிகரெட் புகைத்தவர்களின் நுரையீரல் திடீரெனப் பழுதானது. 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். நோயாளிகளில் 51 பேரின் நுரையீரல் திரவத்தைச் சோதித்தபோது 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிடேட் இருந்தது. டி.எச்.சி. எண்ணெயைப் பெருக்கிக் காட்டக் கலந்த பொருள் அது. தேடாத பொருளை எந்தக் கருவியும் தானாகச் சொல்லாது.

கலிபோர்னியா 2021இல் ஒரு சட்டம் இயற்றி, வீரியத்தை எல்லா ஆய்வகங்களும் ஒரே முறையில் அளக்க வேண்டும் என்றது. நல்ல தொடக்கம். அங்கே மாதிரியை ஆய்வக ஊழியரே நேரில் போய் எடுக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆனால் எந்த ஆய்வகம் என்று தேர்ந்தெடுப்பதும், பில்லுக்குப் பணம் கட்டுவதும் இன்னும் சரக்கை விற்பவர்களிடமே இருக்கின்றன. அந்தப் பணம் பொது நிதி ஒன்றின் வழியாக வந்து, எந்த ஆய்வகம் சோதிப்பது என்பதை அரசு முடிவு செய்யும் வரை, அங்கே அச்சாகும் விழுக்காடுகளை நான் நம்பமாட்டேன்.