அடுப்புக்கு வடக்கே உப்புச்சாடி

பல துறை ஆய்வுச் சுருக்கங்களைத் தமிழில் கொண்டுவரும் வேலை ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. ஒரு கலைச்சொல்லுக்குத் தொகுப்பு முழுக்க ஒரே தமிழ்ச்சொல்தான் வர வேண்டும் என்று தொகுப்பாசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ‘ஓரியன்டேஷன்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இறைந்து கிடந்தது. ‘திசையமைவு’ என்று முடிவு கட்டி, கணினியில் ஒரே தட்டில் எல்லா இடத்திலும் மாற்றிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன்.

மெய்ப்பு வந்தபோது ஒரு கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குத் திசையமைவு விழா நடத்தியிருந்தது. ஒரு முதியவருக்கு நேரத்தின் திசையமைவு கெட்டுப்போயிருந்தது. ஒரு பூனையின் மூளைச் செல் கோட்டின் திசையமைவைக் கண்டு துடித்தது. உளவியல் கட்டுரைக்கு நேர்ந்ததைப் பிறகு சொல்கிறேன்.

பூனையிலிருந்து திருத்த ஆரம்பித்தேன். 1958இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹூபெலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் பார்வைப் புறணியில் மின்முனையைச் செருகிவைத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய கரும்புள்ளியைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். செல் புள்ளியைச் சட்டை செய்யவில்லை. தகட்டைச் செருகும்போது அதன் விளிம்பின் மெல்லிய நிழல் திரையில் ஓடியதே, அதற்குத்தான் படபடவென்று பதில் சொன்னது. அதுவும் நிழல்கோடு ஒரு குறிப்பிட்ட சாய்வில் இருந்தால் மட்டும். 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்த ஆய்வுவரிசையின் தொடக்கம் அது. இங்கே திசைக்கு என்ன வேலை? செங்குத்துக் கோடு மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ‘சாய்வு’ என்று திருத்தினேன்.

கணிதக்காரர்கள் இன்னும் மோசம். அவர்களுக்குச் சாய்வும் இல்லை, திசையும் இல்லை. வலஞ்சுழியா இடஞ்சுழியா என்பதுதான் கேள்வி. ஒரு காகிதப் பட்டையை அரைச் சுற்று முறுக்கி முனைகளை ஒட்டினால் வருவது 1858இல் மோபியஸ் எழுதிவைத்த பட்டை. கண்ணாடித்தாளில் அதைச் செய்து, அதன்மேல் ஒரு கடிகாரத்தை வரைந்து ஒரு சுற்று நகர்த்திக்கொண்டு வாருங்கள். புறப்பட்ட இடத்துக்கு வரும்போது முள் எதிர்த்திசையில் ஓடும். அந்தப் பரப்பின்மேல் இதுதான் வலஞ்சுழி என்று எல்லா இடத்துக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது.

‘ஓரியன்டேஷன்’ என்ற சொல்லின் வேர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லத்தீனில் சூரியன் எழும் பக்கம். கிறித்தவ ஐரோப்பா தேவாலயங்களைக் கிழக்கு நோக்கிக் கட்டியது. வரைபடத்திலும் கிழக்கையே உச்சியில் வைத்தது. 1300 வாக்கில் வரையப்பட்ட ஹெரிஃபோர்டு வரைபடத்தில் மேலே இருப்பது கிழக்கு. அரபு அறிஞர் அல்-இத்ரீசி 1154இல் முடித்த வரைபடத்தில் தெற்குதான் மேலே. வடக்கு மேலே ஏறியது அப்புறம்.

தமிழ்க் கிழக்கு வானத்தைப் பார்த்துப் பிறந்த சொல் இல்லை. கீழே இருப்பது கிழக்கு, மேலே இருப்பது மேற்கு. மேற்கு மலையில் பெய்த மழை கிழக்குக் கடலுக்கு ஓடுகிற நாட்டில், தண்ணீர் போகிற பக்கத்துக்கு வைத்த பெயர். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நிலம் தலைகீழ், கிழக்கேதான் மலை. ஆனாலும் மலையாளத்தில் கிழக்கு கிழக்குத்தான். அந்தச் சொல்லைப் பேசியவர்கள் மலைக்குக் கிழக்கேயிருந்து போனவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று மொழியறிஞர் கால்டுவெல் இதை ஒரு சான்றாக வைத்தார். சொல்லை எடுத்துக்கொண்டு போனவர்களால் சரிவை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை.

எங்கள் அப்பத்தாவுக்கு இடது, வலது என்ற சொற்கள் தெரியும். ஆனால் சோறு தின்னும் கை, மற்றக் கை என்பதற்கு மேல் அவற்றுக்கு அவள் வேலை கொடுத்ததில்லை. “அடுப்புக்கு வடக்கால உப்புச்சாடி இருக்கு, எடு” என்பாள். இலை போட்டால், “கொஞ்சம் மேக்கால நகந்து உக்காரு” என்பாள். மானாமதுரைப் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் பேசினார்கள். இதில் ஆராய ஏதோ இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆராய்ந்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் நெய்மேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 1990களில் பல மொழிக்காரர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். மேசையில் பொம்மை விலங்குகள் ஒரே பக்கம் பார்த்தபடி வரிசையாக நிற்கும். பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆளை அப்படியே முதுகுப்பக்கம் திருப்பி, வேறொரு மேசையில் அதே மாதிரி அடுக்கச் சொல்வார்கள். வலப்பக்கம் பார்த்த மாட்டை மறுபடியும் தன் வலப்பக்கமே பார்க்க வைப்பவர்கள் ஒரு சாரார். வடக்கே பார்த்த மாடு வடக்கேதான் பார்க்க வேண்டும் என்பவர்கள் இன்னொரு சாரார். அந்த ஆய்வாளர்களில் ஒருவரான எரிக் பெடர்சன் இதைத் தமிழ்நாட்டில் செய்தார். மேசைமேல் இருக்கிற சின்னப் பொருளுக்குக்கூடக் கிராமத்துக்காரர்கள் திசை சொன்னார்கள், நகரத்துக்காரர்கள் இடது வலது சொன்னார்கள். மாட்டை வைப்பதிலும் அந்த வேறுபாடு தெரிந்தது. ஒரே மொழிக்குள் இரண்டு வழக்கம்! பேச்சுதான் காரணமா, இல்லை சன்னல் வழியாக என்ன தெரிகிறது என்பதா என்று பிறகு பெரிய சண்டை நடந்தது. 2002இல் உளவியலாளர்கள் லீயும் கிளைட்மனும் அமெரிக்க மாணவர்களை வைத்து, சுற்றிலும் அடையாளங்கள் தெரிந்தால் அவர்களும் மாற்றி அடுக்குகிறார்கள் என்று காட்டினார்கள். எனக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் தெரிகிறது. முழுத் தீர்ப்புச் சொல்ல நான் யார்?

அப்பத்தா சென்னைக்கு வந்த முதல் நாள் நினைவிருக்கிறது. லிஃப்டில் நான்காம் மாடிக்கு ஏறி இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். “கெழக்கு எது?” எனக்குத் தெரியவில்லை. குடிவந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அன்று முழுக்க அவள் சமையலறைக்குள் எதையும் எடுக்கவில்லை. மறுநாள் காலை பால்கனியில் வெயில் விழுந்ததும் சரியாகிவிட்டாள். மதியமே என் மனைவிக்கு உப்பு இருக்கும் திசை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

எலியின் மூளையிலும் இப்படித் திசை அறியும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தலை ஒரு குறிப்பிட்ட திசையை நோக்கியிருக்கும்போது மட்டும் இயங்கும். ஆய்வாளர்கள் எலியை வட்டக் கூண்டில் விட்டு, சுவரில் ஒரு வெள்ளை அட்டையை மட்டும் ஒட்டினார்கள். எலி இல்லாத நேரம் பார்த்து அட்டையை இடம் மாற்றி ஒட்டினால், செல்களின் திசையும் கூடவே திரும்பிவிடுகிறது. அந்த எலிக்கு அட்டைதான் கிழக்கு.

உளவியல் கட்டுரைக்கு வருகிறேன். ஒருவருக்கு ஆண்மேல் ஈர்ப்பா, பெண்மேல் ஈர்ப்பா என்பதையும் ஆங்கிலம் இதே சொல்லால்தான் சொல்கிறது. என் கணினி அதைத் திசையமைவு ஆக்கியது அசட்டுத்தனம். பழைய மொழிபெயர்ப்புகளில் இருந்த ‘விருப்பம்’ அசட்டுத்தனம் இல்லை, தீங்கு. விரும்பினால் மாற்றிக்கொள்ளலாமே என்று படிப்பவரைக் கேட்கவைக்கும் சொல் அது. இத்துறைச் சொற்களுக்குத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு பட்டியலே வெளியிட்டது. அதற்குப் பின்னால் சென்னை உயர் நீதிமன்றம் இருந்தது. நான் ‘ஈர்ப்பு’ என்று போட்டேன்.

கடைசியாக மிஞ்சியது அந்த முதியவர். நாள், இடம், ஆள் மூன்றும் தெரிகிறதா என்று மருத்துவர்கள் கேட்பார்களே, அது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்த மூன்றாம் நாள் அப்பத்தாவையும் கேட்டார்கள்.

“பாட்டிம்மா, இன்னைக்கு என்ன கிழமை?”

“வெள்ளி இல்ல. வெள்ளின்னா தலைக்கு ஊத்தியிருப்பாக.”

“இப்ப எங்க இருக்கீங்க?”

“தெக்க தலைவச்சுப் படுத்திருக்கேன்.”

இளம் மருத்துவர் புன்னகைத்தபடி தாளில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன்: நேரம், இடம் இரண்டுக்கும் எதிரே பெருக்கல் குறி. அவர் மேல் தப்பில்லை. ஊர், ஆஸ்பத்திரி என்று எதையுமே அவள் சொல்லவில்லை.

‘நாள், இடம், ஆள் அறியும் தெளிவு குறைந்திருந்தது’ என்று அந்த முதியவரைப் பற்றிய வரியைத் திருத்தி அனுப்பினேன். தொகுப்பாசிரியர் ஏற்றுக்கொண்டார்.

மருத்துவர் கேள்வி கேட்டுப் போன அன்று சாயங்காலம் மின்செருகி எட்டவில்லை என்று ஆயாவும் வார்டு பையனும் சேர்ந்து கட்டிலைச் சத்தமில்லாமல் திருப்பிப் போட்டார்கள். அப்பத்தா கண்ணை மூடித்தான் கிடந்தாள்.

“எதுக்குடி என்னைய வடக்க தலைவைக்கிறீக? இன்னும் உசுரு இருக்குடி.”

ஆயா முணுமுணுத்துக்கொண்டே கட்டிலைப் பழையபடி இழுத்துப் போட்டுவிட்டு, நீளமான ஒயர் தேடிப் போனார்.