எங்கே நின்றது?

நேரலையில் ஒலி நின்றுபோவதுதான் வானொலியில் எங்களுக்குப் பெரிய பயம். சில விநாடி மௌனம் வந்தாலே அறையில் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். அப்போது யாரும் “யார் எதைத் தொட்டது?” என்று கேட்பதில்லை. மைக்கில் குரல் வருகிறதா, கலவைப் பலகையைத் தாண்டுகிறதா, அங்கிருந்து வெளியே போகிறதா என்று கட்டம் கட்டமாகப் பார்ப்போம். எங்கே நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

2020ல் இந்தப் பழக்கம் வீட்டிலும் கைகொடுத்தது. ஏப்ரல் 7ஆம் தேதி நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கைகள் தொடங்கியபோது அப்பாவும் அம்மாவும் செங்காங் வீட்டில், நான் வேறொரு பேட்டையில். தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கிறவர்கள் என்பதால், சும்மா போய்ப் பார்க்க அனுமதியில்லை. தஞ்சாவூரில் இருக்கும் அத்தையோடு தினமும் இரவு 7 மணிக்குக் காணொளியில் பேசுவதுதான் அப்பாவுக்கு அந்த நாள்களின் ஒரே பிடிப்பு. அங்கே மாலை 4.30. கைப்பேசித் திரையில் அத்தை முகம் சரியாகத் தெரியவில்லை என்று மடிக்கணினியில்தான் பேசுவார்.

ஒருநாள் ஆறரைக்குத் தொலைபேசினார். “நெட் வரலைம்மா. நான் ஒண்ணையும் தொடலை.”

நான் எதுவும் கேட்கும் முன்பே வந்த இரண்டாவது வாக்கியம் மனத்தில் தைத்தது. எத்தனை பேர் எத்தனை முறை அவரிடம் “என்ன செஞ்சீங்க?” என்று கேட்டிருப்பார்கள்!

வழக்கமாகக் கணினி மக்கர் செய்தால் சிம் லிம் ஸ்குவேருக்கு எடுத்துப்போய், அப்படியே தேக்கா சந்தைக்கும் நடந்து, முருங்கைக்கீரையோடு வீடு திரும்புவார். இப்போது அந்த வழியும் இல்லை.

“சரிப்பா, எங்கே நிக்குதுன்னு பார்ப்போம்” என்றேன்.

முதலில், அம்மாவின் கைப்பேசியில் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் செய்தித்தளம் திறக்கச் சொன்னேன். திறந்தது. ஆக, இணைப்பும் ரவுட்டரும் நலம். அடுத்து, கணினியில் ஏரோப்ளேன் மோட் விழுந்திருக்கிறதா? இல்லை. வைஃபை பெயர் தெரிகிறதா? தெரிகிறது, ஆனால் இணையம் இல்லை என்கிறது.

அமைப்புகளுக்குள் போய் ஐபி முகவரியைப் படிக்கச் சொன்னேன். “169.254...” என்று தொடங்கினார். அது நல்ல தடயம். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு முகவரி கொடுக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அது கிடைக்காதபோது கணினி தானே ஒன்றை வைத்துக்கொள்ளும், அதுதான் 169.254. கழகம் கொடுக்காத கதவு எண்ணை நாமே எழுதி ஒட்டிக்கொண்டால் தபால் வருமா? அதே கதைதான்.

ரவுட்டரை அணைத்து, இரண்டு நிமிடம் பொறுத்து, மீண்டும் போட்டோம். மாற்றமில்லை.

கடைசியாக, அம்மாவின் கைப்பேசியைக் கணினி அருகே கொண்டுபோகச் சொன்னேன். வைஃபை கோடுகள் ஒன்றாகக் குறைந்தன. அப்போதுதான் தெரிந்தது, டிவி சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று முதல்நாள் மேசையை அறைக்கு மாற்றியிருந்தார். ரவுட்டருக்கும் மேசைக்கும் நடுவே ‘பாம் ஷெல்டர்’. இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. குண்டுவெடிப்பைத் தாங்கக் கட்டிய அறை வைஃபையை மட்டும் விட்டுவிடுமா?

அவர்கள் ரவுட்டரில் இரண்டு பெயர்கள் வரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டத் திணறும். 2.4 மெதுவானது, ஆனால் தூரம் போகும். இரண்டாவதற்கு மாற்றியதும் 192.168 வந்தது. அத்தையும் வந்தார், ஐந்து நிமிடம் தாமதமாக.

அந்த ஆண்டே அரசாங்கம் எஸ்ஜி டிஜிட்டல் அலுவலகத்தை அமைத்து, மூத்தோருக்குச் சொல்லித்தர மின்னிலக்கத் தூதர்களைச் சமூக மன்றங்களுக்கும் அனுப்பியது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் இரவு ஆறரை மணிக்குப் பெற்றோர் அழைப்பது பிள்ளைகளைத்தான். அப்போது “என்ன செஞ்சீங்க?” என்பதற்குப் பதில் “இப்ப திரையில என்ன தெரியுது?” என்று கேட்டுப் பாருங்கள். பயமில்லாமல் பதில் சொல்வார்கள். மேசையை நகர்த்தியதையும் சேர்த்து.