256 பணியாளர்கள்

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பல்கலைக்கழகச் சர்வர் படுத்துவிட்டால், 'கூட்டம் தாங்கவில்லை' என்பதே வழக்கமான விளக்கம். அது பாதி உண்மைதான். வாசலில் நின்ற கூட்டத்தால் அன்று, அத்தனை பேரையும் ஒருசேர உள்ளே அழைத்ததால் விழுந்த சர்வர்களே மிகுதி.

அப்பாச்சியின் பழைய 'பிரீஃபோர்க்' முறையில் ஓர் இணைப்புக்கு ஒரு செயல்முறை. தாய்ச் செயல்முறை தொடக்கத்தில் 5 சேய்களை ஈன்று, தேவைக்கேற்பப் பெருக்குகிறது. எவரும் மாற்றாதவரை உச்சவரம்பு 256. பிஎச்பியைச் சுமந்த சேய் ஒன்று 60 எம்பி கொள்ளுமாயின், அத்தனைக்கும் 15 ஜிபி வேண்டும். (சேய்கள் நினைவகத்தின் ஒரு பகுதியைப் பகிர்வதால் உண்மைத் தேவை சற்றுக் குறையும், அளந்து பார்ப்பவர்தாம் அரிது.) இயந்திரத்தில் இருப்பதோ 8 ஜிபி. மிஞ்சியது வட்டுக்குப் பெயர்கிறது, பதில் தாமதிக்கிறது, மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு அன்றே கடைசி நாள் என்றிருக்கும் மாணவி மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துகிறாள். ஒவ்வோர் அழுத்தமும் புதுக் கோரிக்கை.

டேட்டாபேஸுக்கும் இயங்குதளத்துக்கும் 2 ஜிபி ஒதுக்கி, எஞ்சியதை 60ஆல் வகுத்தால் ஏறக்குறைய 100. அதையே வரம்பாக்க வேண்டும். எண்ணைக் குறைப்பதற்குத்தான் மனம் ஒப்புவதில்லை. 101ஆவதாக வருபவரைக் கெர்னல் தன் வரிசையில் நிறுத்திவைக்கும். ஒரு கோரிக்கை அரை நொடியில் முடியுமெனில் அவருக்கும் விரைவில் இடம் கிடைக்க வேண்டும். ஆனால் 'கீப் அலைவ்' இயங்கும்போது, பதில் அனுப்பிய சேய் அதே மாணவரின் அடுத்த கோரிக்கைக்காக மேலும் 5 நொடி வாளாவிருக்கும். அதை ஓரிரு நொடியாக்காமல் வரம்பை மட்டும் குறைத்த நிர்வாகி, மறுநாளும் தொலைபேசியருகிலேயே உட்கார்ந்திருக்க நேரும்.