'ஏலம்' செய்த குற்றம் என்ன?

எங்கள் போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் 'ஏலம்' என்றால் இரண்டு அர்த்தம். குரங்கணி மலைச்சரிவுகளில் மணக்கிறதே, அந்த ஏலம் ஒன்று; அதை விலைபேசும் ஏலம் மற்றொன்று. வாய்விட்டு விலை கேட்ட காலம் போய், இப்போது ஏல மையத்தில் கணினியில் விலை போடுகிறார்கள். அந்தக் கணினிக்குள்ளேயே 'ஏலம்' என்ற நம் சொல் பட்ட பாட்டைக் கேளுங்கள், சகோதரிகளே!

கம்பைலர் என்று ஒரு மென்பொருள் உண்டு. நாம் எழுதும் கட்டளைகளை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது அதன் வேலை. குற்றம் கண்டுபிடிப்பதில் பழைய காலத்து மாமியார் தோற்றுப் போவார்! 'சி' என்ற கணினி மொழிக்கு உலகப் பொதுவான சட்டப் புத்தகம் இருக்கிறது. அதன் 1999-ம் வருஷப் பதிப்பு, கணக்கில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்துக்களாலும் வைக்கலாம் என்று அனுமதித்தது. ஒவ்வொரு எழுத்தையும் அதற்குரிய யூனிகோடு எண்ணால் குறித்தால் போதும்.

ஆனால் நடந்தது என்ன? இலவசமாகக் கிடைக்கும் ஜி.சி.சி. என்ற பிரபல கம்பைலரிடம், "சட்டப் புத்தகப்படியே நட" என்று கண்டிப்பாகச் சொன்னாலும் அந்தப் பெயர் தள்ளுபடிதான். தனியாக ஒரு விசேஷ உத்தரவும் தந்தால்தான் மனம் இரங்கும். 2015-ல் 5-ம் பதிப்பு வந்த பிறகே இந்தக் குறை தீர்ந்தது.

எண் எதற்கு, தமிழிலேயே நேராக எழுதுவோம் என்றாலோ? அதை ஏற்பது கம்பைலர் செய்பவர்களின் இஷ்டம் என்று சட்டம் விட்டுவிட்டது. 'ஏலம்' நமக்கு மூன்றெழுத்து. கணினிக்குப் புள்ளியும் தனி; ஆக நான்கு. ஒவ்வொன்றும் மூன்று துண்டு. பன்னிரண்டு துண்டுக்கும் "வழிதவறி வந்தது" என்று பன்னிரண்டு புகார்! 2020-ல் 10-ம் பதிப்பில்தான் அதற்கும் வழி பிறந்தது.

இதில் என்ன நஷ்டம் என்கிறீர்களா? 'பிழை' என்று திரையில் கண்டதும், எழுதிய பெண் தன்மேல்தான் தவறு என்று நம்பிவிடுவாள். இங்கிலீஷ் பெயருக்கு மாறிவிடுவாள்.

ஏலக்காயைச் சல்லடையில் சலித்துத்தான் தரம் பிரிப்பார்கள். பருத்த காய் மேலே நிற்க வேண்டும். அது கீழே விழுந்தால் காயையா குறை சொல்வது? சல்லடைக் கண்ணைத்தானே பார்க்க வேண்டும்?

உங்கள் வீட்டுப் பெண் கணினி படிக்கிறாளா? அவளிடம் சொல்லுங்கள்: "கம்பைலர் சொல்வது பெரும்பாலும் சரிதான், அம்மா. ஆனால் சட்டம் வேறு, அதை அமல் செய்பவர் வேறு. சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் புரட்டிப் பார். நியாயம் உன் பக்கம் இருந்தால், மாற்றிக்கொள்ளாதே. செய்தவர்களுக்கு எழுதிப் போடு!"